பத்தாவது மாடியிலிருந்து விழும் பூச்சட்டிக்கு எடை கூடுமா?

மாணவர்களே, நீங்கள் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவராக இருந்தால், அடுத்த முறை மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போது நடைவழித் தடுப்புச் சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன்மேல் என்னென்ன இருக்கின்றன? ஒரு வீட்டின் முன் கற்றாழைச் சட்டி இருக்கலாம். அடுத்த வீட்டின் முன் கழுவிக் காயவைத்த பள்ளிக் காலணி. அதற்கடுத்து, யாரோ குடித்துவிட்டு மறந்து வைத்துப்போன கண்ணாடிப் போத்தல்.

"அதைக் கீழே எடுத்து வை. மேலேயிருந்து விழுந்தால் சின்னப் பொருளுக்கும் எடை கூடிவிடும்" என்று பெரியவர்கள் கண்டித்திருப்பார்கள். அவர்களின் எச்சரிக்கை மிகவும் சரியானது. ஆனால், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சரியா? விழும் பொருளுக்கு உண்மையிலேயே எடை கூடுகிறதா?

இது விளையாட்டுக் கேள்வி அன்று. 2018 ஜனவரியில், கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி பட்டு 15 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவர் உங்கள் வயதுக்காரர். சிங்கப்பூரில் இப்படி மேலிருந்து விழும் பொருள்களுக்கு 'கில்லர் லிட்டர்', அதாவது கொலைகாரக் குப்பை, என்று ஒரு பெயரே உண்டு. நாம் வகுப்பில் படிக்கும் ஈர்ப்பு விசை, எடை, விழும் பொருள் ஆகிய பாடங்கள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுபவை அல்ல. நம் வீட்டு வாசலிலேயே அவை நடந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே, 2 கிலோகிராம் பொருண்மை கொண்ட ஒரு பூச்சட்டியை எடுத்துக்கொள்வோம். அது பத்தாவது மாடியில் இருக்கிறது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 30 மீட்டர் உயரம். அந்தச் சட்டி மேலே இருக்கும்போதும், விழும்போதும், தரையைத் தொடும்போதும் என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பொருண்மை வேறு, எடை வேறு

பள்ளியில் மலாய்மொழியில் ஜிசிம், பெராட் என்று இரண்டு சொற்களைப் படித்திருப்பீர்கள். தமிழில் அவை பொருண்மை, எடை. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது பொருண்மை. அதைக் கிலோகிராமில் அளக்கிறோம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதைச் சொல்வது எடை. எடை ஒரு விசை என்பதால், அதை நியூட்டனில் அளக்க வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் சூத்திரம் எளிமையானது. பொருண்மையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு ஏறக்குறைய 9.8. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரையில் 10 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் 2 கிலோகிராம் பூச்சட்டியின் எடை 20 நியூட்டன்.

கடைக்காரர் "இதன் எடை 2 கிலோ" என்று சொல்லும்போது, அவர் உண்மையில் பொருண்மையைத்தான் சொல்கிறார். அன்றாடப் பேச்சில் அதனால் குழப்பம் எதுவும் வராது. ஆனால் பூச்சட்டியை நிலாவுக்குக் கொண்டுபோனால் வித்தியாசம் தெரிந்துவிடும். அங்கேயும் பொருண்மை 2 கிலோகிராம்தான். ஒரு பிடி மண்கூடக் குறையாது. எடை மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிடும். காரணம், நிலாவின் இழுப்பு குறைவு.

பூமியிலும் இடத்துக்கு இடம் எடை சற்றே மாறும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் நாட்டில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 9.78. வடதுருவத்தில் அது 9.83. ஆகவே, அதே சட்டி துருவத்தில் 200-இல் ஒரு பங்கு கூடுதல் எடையோடு இருக்கும்.

பூமியின் மையத்தை விட்டு விலக விலக ஈர்ப்பு குறையும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படியானால் பத்தாவது மாடியில் சட்டியின் எடை குறைவாகவும், கீழே வர வர அதிகமாகவும் இருக்க வேண்டுமே? ஆம், இருக்கும். ஆனால் எவ்வளவு? பூமியின் ஆரம் ஏறக்குறைய 6,370 கிலோமீட்டர். அதற்கு முன்னால் 30 மீட்டர் ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால், எடையில் ஏற்படும் மாற்றம் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. நம் சட்டியின் மேல் ஒரு சிட்டிகைக்கும் குறைவான மணலைத் தூவியது போன்றது அது. அந்த மணலால் யாருக்கும் காயம் ஏற்படாது.

எனவே, முதல் பதில் இதுதான்: மேலிருந்து கீழே வருவதால் பூச்சட்டியின் எடை சொல்லும்படியாகக் கூடுவதில்லை.

விழும்போது எடைக்கருவி என்ன காட்டும்?

இப்போது இன்னும் வியப்பான ஒன்றைப் பார்ப்போம். ஓர் எடைக்கருவியின் மேல் பூச்சட்டியை வைத்து, இரண்டும் சேர்ந்தே விழுவதாகக் கற்பனை செய்யுங்கள். விழும் நேரத்தில் கருவியின் முள் எந்த எண்ணைக் காட்டும்? 20 நியூட்டனா? அதைவிட அதிகமா?

பூச்சியம்தான் காட்டும்.

எடைக்கருவி பூமியின் இழுப்பை நேரடியாக அளப்பதில்லை. தன்மேல் இருக்கும் பொருள் தன்னை எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. கருவியும் சட்டியும் ஒரே மாதிரி விழும்போது, சட்டி கருவியை அழுத்துவதே இல்லை. பூமி அப்போதும் அதே 20 நியூட்டன் விசையோடுதான் சட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பைத் தாங்க அடியில் எதுவும் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இதன் சிறிய அனுபவம் உங்களுக்கு மின்தூக்கியில் கிடைத்திருக்கும். மின்தூக்கி கீழ்நோக்கிப் புறப்படும் அந்த ஒரு கணத்தில் வயிறு லேசாவது போல் இருக்கும் அல்லவா? தரை உங்கள் காலைவிட்டு விலகப் பார்க்கிறது. அதனால் பாதத்தின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. உங்கள் பொருண்மையோ, பூமியின் இழுப்போ குறையவில்லை.

2007 அக்டோபரில் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபார் ஷுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் மிதந்ததும் இதே காரணத்தால்தான். அந்த உயரத்தில் ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்கே பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 10-இல் 9 பங்கு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ளவர்களும் பூமியைச் சுற்றியபடியே இடைவிடாமல் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் மிக வேகமாகச் செல்வதால் அவர்கள் தரையில் வந்து மோதுவதில்லை. சேர்ந்து விழுவதால் எதுவும் எதையும் அழுத்துவதில்லை. அதைத்தான் எடையின்மை என்கிறோம்.

கனமானது முதலில் விழுமா?

பூச்சட்டியோடு சேர்த்து ஒரு சின்னக் கூழாங்கல்லும் அதே சுவரிலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது முதலில் தரையைத் தொடும்? "சட்டிதான்" என்று சொல்லத் தோன்றும். பல நூற்றாண்டுகளாக மக்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றைவிட இன்னொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை, ஏறக்குறைய 30 அடி உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரு பலகையின் மேல் விழவிட்டார். இரண்டும் பலகையில் மோதிய ஓசை ஒன்றுபோலவே கேட்டது. இதை அவர் 1586-இல் நூலாக வெளியிட்டார். கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, விழும் வேகத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது அதற்குப் பிறகு, 1638-இல்.

ஏன் இரண்டும் சேர்ந்து விழுகின்றன? பேரங்காடித் தள்ளுவண்டியை நினைத்துப் பாருங்கள். பொருள் நிறைந்த வண்டியைத் தள்ள அதிக விசை வேண்டும். காலி வண்டிக்குக் குறைந்த விசை போதும். நிறைந்த வண்டியின் பொருண்மை பத்து மடங்கு என்றால், பத்து மடங்கு விசையோடு தள்ளினால்தான் அதுவும் காலி வண்டியைப் போலவே வேகம் எடுக்கும். பூமி செய்வது அதைத்தான். பத்து மடங்கு பொருண்மை உள்ள பொருளைப் பூமி பத்து மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் அந்தப் பொருளை அசைப்பதும் பத்து மடங்கு கடினம். ஒன்றுக்கொன்று சரியாகிவிடுவதால், இரண்டும் ஒரே முடுக்கத்தோடு விழுகின்றன.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தையும், அதைவிடச் சற்றுச் சிறிய ஒரு தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பு உயரத்திலிருந்து, வீட்டுக்குள்ளேயே, இரண்டையும் தனித்தனியாக விடுங்கள். தாள் ஆடி அசைந்து பிந்தி வரும். இப்போது தாளைப் புத்தகத்தின் மேல் ஒட்டினாற்போல் வைத்து, புத்தகத்தைக் கிடையாக விடுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும். புத்தகம் காற்றை விலக்கி வழிவிட்டதும், தாளும் புத்தகத்தின் வேகத்திலேயே விழுகிறது. முதலில் தாளைத் தாமதப்படுத்தியது அதன் குறைந்த எடை மட்டுமன்று. காற்றுத் தடையும் சேர்ந்துதான்.

காற்றே இல்லாத இடத்தில் இதைச் செய்தவர் அப்பல்லோ 15 விண்கலத்தின் தலைவர் டேவிட் ஸ்காட். 1971 ஆகஸ்டு 2-ஆம் நாள், நிலாவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே நிலாத் தரையைத் தொட்டன. தொலைக்காட்சிப் படக்கருவி அதைப் பதிவு செய்தது.

ஒவ்வொரு விநாடியும் வேகம் கூடுகிறது

எடை கூடவில்லை என்றால் வேறு எது கூடுகிறது? வேகம்.

புவியீர்ப்பு முடுக்கம் 10 என்பதன் பொருள், விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 10 மீட்டர் கூடுகிறது என்பதே. முதல் விநாடியின் முடிவில் பூச்சட்டியின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். அதுவரை அது விழுந்த தூரம் 5 மீட்டர். இரண்டாவது விநாடியின் முடிவில் வேகம் 20 மீட்டர், விழுந்த தூரம் 20 மீட்டர். முப்பது மீட்டரையும் கடந்து தரையை அடைய அதற்கு ஏறக்குறைய 2.4 விநாடி போதும்.

இதை மாடிக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். பத்தாவது மாடியிலிருந்து புறப்பட்ட சட்டி முதல் ஒரு மாடியைக் கடக்க 0.77 விநாடி எடுக்கிறது. கடைசி ஒரு மாடியைக் கடக்க அது எடுக்கும் நேரம் 0.13 விநாடி மட்டுமே. கண் சிமிட்டும் நேரம். மேலே நிற்பவர் சட்டி நழுவியதைக் கண்டு, "பார்த்து!" என்று கத்தி, கீழே நடப்பவர் அதைக் கேட்டு, என்னவென்று புரிந்துகொண்டு விலகுவதற்கு மொத்தமே இரண்டரை விநாடிகூட இல்லை. பெரும்பாலோர் அந்த நேரத்தில் விலகமாட்டார்கள். நின்று, தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார்கள்.

தரையைத் தொடும்போது வேகம் என்ன? மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் உங்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மாடி எண்ணை 60-ஆல் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். காற்றுத் தடையை இப்போதைக்கு ஒதுக்கி வைத்தால் கிடைக்கும் விடைகள் இவை:

2-ஆவது மாடி: மணிக்கு 39 கிலோமீட்டர்
5-ஆவது மாடி: மணிக்கு 62 கிலோமீட்டர்
10-ஆவது மாடி: மணிக்கு 88 கிலோமீட்டர்
15-ஆவது மாடி: மணிக்கு 108 கிலோமீட்டர்

நம் நெடுஞ்சாலைகளில் கார்களுக்கான உச்ச வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். பதினைந்தாவது மாடியிலிருந்து விழும் சட்டி, நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகத்தில் தரைக்கு வருகிறது. அதைத் தூக்கி எறிந்தார்களா, கைதவறி விட்டார்களா, பூனை தட்டிவிட்டதா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அந்த வேகத்தைக் கொடுப்பது எறிந்த கை அன்று, ஈர்ப்பு விசை.

காற்று நம்மைக் காப்பாற்றாதா?

"அப்படியென்றால் மழைத்துளி நம் தலையைத் துளைத்துவிட வேண்டுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2 கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் துளிக்குக் காற்றுத் தடையே இல்லையென்றால், அது மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடையும். உண்மையில், மாலை இடிமழையில் விழும் பெரிய துளிகள்கூட விநாடிக்கு 9 மீட்டர் அளவில்தான், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில்தான், வருகின்றன.

வேகம் கூடக் கூடக் காற்றுத் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் மேல்நோக்கிய காற்றுத் தடையும் கீழ்நோக்கிய எடையும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு வேகம் கூடாது. அந்த வேகத்துக்கு முற்றுவேகம் என்று பெயர். எடை குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் உள்ள பொருள் விரைவிலேயே தன் முற்றுவேகத்தை எட்டிவிடும். மழைத்துளி, இறகு, தாள் எல்லாம் அந்த வகை.

452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பத்து சென் நாணயம் விழுந்தால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும் என்று கதை சொல்பவர்கள் உண்டு. காற்று இல்லையென்றால் அதன் வேகம் மணிக்கு 340 கிலோமீட்டரை நெருங்கும் என்பது சரிதான். ஆனால் காற்று இருக்கிறது. நாணயம் மெல்லியது, தட்டையானது, புரண்டு புரண்டு விழும். அதன் வேகம் விநாடிக்கு 10 முதல் 20 மீட்டர் என்ற அளவிலேயே நின்றுவிடும். கண்ணில் பட்டால் கடுமையான காயம் ஏற்படலாம், ஆனால் அது மண்டையைத் துளைக்காது.

பூச்சட்டி அப்படிப்பட்டதன்று. அதன் பரப்புக்கு அதன் எடை மிக அதிகம். பத்து மாடி விழுவதற்குள் அது முற்றுவேகத்தை எட்டவே எட்டாது. காற்றுத் தடையைக் கழித்துப் பார்த்தாலும், 88 என்ற நம் கணக்கு ஏறக்குறைய 80-க்குத்தான் குறையும். காற்று அதைக் கொஞ்சம் தாமதப்படுத்துமே தவிர, தடுத்துவிடாது. ஸ்டெவினின் குண்டுகளைப் பற்றிப் படித்துவிட்டு, "எல்லாப் பொருளும் ஒன்றுபோல் விழும்" என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றுள்ள நம் உலகில், கனமும் கட்டியுமான பொருள்களே தம் வேகத்தை இழக்காமல் வந்து சேர்கின்றன.

நிற்கும் தூரத்தில்தான் ஆபத்து

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பூச்சட்டியின் எடை 20 நியூட்டன்தான். அதைத் தலையில் மெதுவாக வைத்தால் நீங்கள் சிரித்துக்கொண்டே நடக்கலாம். அதே சட்டி விழுந்தால் ஏன் உயிருக்கு ஆபத்து?

உயரத்தில் இருக்கும் பொருளிடம் நிலைச் சக்தி சேர்ந்திருக்கிறது. எடையை உயரத்தால் பெருக்கினால் அதன் அளவு தெரியும். 20 நியூட்டனை 30 மீட்டரால் பெருக்கினால் 600 ஜூல். விழும்போது இந்த நிலைச் சக்தி முழுவதும் இயக்கச் சக்தியாக மாறுகிறது. சட்டி நிற்க வேண்டுமென்றால், அந்த 600 ஜூலையும் ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஈர்ப்பு விசை அந்தச் சக்தியைக் கொடுக்க 30 மீட்டர் தூரம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் 20 நியூட்டன் என்ற சிறிய விசையே போதுமானதாக இருந்தது. ஆனால் மோதும்போது சட்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 ஜூலை 0.02 மீட்டரால் வகுத்தால் கிடைக்கும் சராசரி விசை 30,000 நியூட்டன்.

அது எவ்வளவு பெரியது? ஒரு மைவி காரின் பொருண்மை ஏறக்குறைய 1,000 கிலோகிராம். 30,000 நியூட்டன் என்பது மூன்று மைவி கார்களின் எடைக்குச் சமம். இது தோராயக் கணக்குதான். காற்றுத் தடை, சட்டி உடைவது, பட்ட உடல் விலகுவது எல்லாம் இந்த எண்ணைக் குறைக்கும். பாதியாகக் குறைந்தாலும் அது மனித உடல் தாங்கக்கூடிய விசையன்று.

இங்கே ஓர் அழகான சுருக்குவழி இருக்கிறது. 30,000-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,500 கிடைக்கும். இப்போது விழுந்த தூரத்தை, அதாவது 30 மீட்டரை, நிற்கும் தூரமான 0.02 மீட்டரால் வகுத்துப் பாருங்கள். அதே 1,500. மோதும் விசை எடையைப் போல் எத்தனை மடங்கு என்று தெரிய வேண்டுமானால், விழுந்த தூரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும்.

பெரியவர்கள் "எடை கூடிவிடும்" என்று சொன்னது இந்த 1,500 மடங்கைத்தான். கூடியது எடை அன்று. 30 மீட்டர் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்ந்த சக்தியை 2 சென்டிமீட்டருக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருப்பதால், மோதும் விசை பெரிதாகிறது.

டுரியான் தோட்டம் கற்றுத்தரும் பாடம்

அந்த வகுத்தல் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். நிற்கும் தூரத்தை அதிகமாக்கினால் விசை குறைந்துவிடும். டுரியான் தோட்டக்காரர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழம் முதிரும் காலத்தில் மரத்தடியில் தொய்வாக வலை கட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

2 கிலோகிராம் டுரியான் பழம் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மண்ணில் 5 சென்டிமீட்டர் பதிந்து நின்றால், அதன்மேல் படும் விசை எடையைப் போல் 400 மடங்கு, அதாவது 8,000 நியூட்டன். பழம் வெடித்துவிடும். அதே பழத்தை வலை அரை மீட்டர் தொய்ந்து தாங்கினால், விசை எடையைப் போல் 40 மடங்குதான். ஏறக்குறைய 800 நியூட்டன். பழம் தப்பிவிடும். இரண்டு முறையும் பழத்தின் எடை ஒன்றே, வேகமும் ஒன்றே. மாறியது நிற்கும் தூரம் மட்டுமே.

சுவரிலிருந்து குதிக்கும்போது முழங்காலை மடக்குவதும், உயரம் தாண்டும் போட்டியில் தடித்த மெத்தை போடுவதும், கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதே காரணத்தால்தான்.

தலைக்கவசமும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கட்டுமானத் தளத் தலைக்கவசங்களுக்கான ஐரோப்பாவின் 'இஎன் 397' தரச் சோதனையில், 5 கிலோகிராம் கட்டி ஒன்றை 1 மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் மேல் விழவிடுகிறார்கள். அதன் சக்தி 50 ஜூல். நம் பூச்சட்டியின் சக்தி அதைப் போல் 12 மடங்கு. தலைக்கவசம் அணிந்தவருக்கே அது ஆபத்து என்றால், பள்ளிப் பையோடு கீழே நடந்து போகும் தம்பி தங்கைக்கு எப்படி இருக்கும்?

உங்கள் வீட்டுக் கணக்கு

கீழே நடப்பவரின் தலையில் நிற்கும் தூரத்தை நம்மால் அதிகமாக்க முடியாது. நடைவழிக்கு மேல் வலை கட்டுவதும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது விழும் தூரம் மட்டும்தான். பூச்சட்டியைத் தடுப்புச் சுவரின் மேலிருந்து எடுத்து, சுவரின் உட்பக்கத்தில் தரையில் வைத்துவிட்டால், அது சாய்ந்தாலும் விழும் தூரம் ஒரு சாண்கூட இருக்காது. 600 ஜூல் சில ஜூல்களாகிவிடும். இதற்குச் செலவு இல்லை, ஒரு நிமிட வேலைதான்.

இன்று மாலை இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

ஒன்று, உங்கள் வீடு எந்த மாடியில் இருக்கிறதோ அந்த எண்ணை 60-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அங்கிருந்து விழும் பொருளின் வேகத்தைக் கணக்கிடுங்கள். தரைவீட்டில் குடியிருப்பவர்கள், தெரிந்தவர்களின் மாடியை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு, அரை கிலோகிராம் கண்ணாடிப் போத்தல் ஒன்று அந்த உயரத்திலிருந்து விழுந்து 1 சென்டிமீட்டரில் நின்றால், மோதும் விசை எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். விழுந்த தூரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்து, போத்தலின் எடையான 5 நியூட்டனால் பெருக்கினால் விடை வந்துவிடும். ஏழாவது மாடி என்றால் உங்களுக்கு 10,500 நியூட்டன் கிடைக்க வேண்டும்.

மூன்று, அந்த விடையை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டிவிட்டு, தடுப்புச் சுவர், சன்னல் விளிம்பு, குளிர்சாதனப் பெட்டியின் மேற்பரப்பு ஆகிய இடங்களில் தளர்வாக இருக்கும் பொருள்களை அவர்களின் உதவியோடு உள்ளே எடுத்து வையுங்கள். எட்டி எடுக்க வேண்டிய இடமாக இருந்தால் நீங்களே முயலாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். விழும்போது உங்களுக்கும் அதே 10தான் முடுக்கம்.